தங்கச்சிக்கு ஒரு வருட நர்சிங் சான்றிதழ்: 9,600 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் திரும்பி வருமா? (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

சிப்புட்_அண்ணன் | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா செம்பனையில் குலை வெட்டுகிறார், அம்மா உரம் போடுகிற வேலை, நான் எண்ணெய் ஆலையில் இருக்கிறேன். தங்கச்சி எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டாள். நர்ஸ் ஆகணும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. பாட்டி படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, மருந்து நேரத்தை எழுதி வைப்பது எல்லாம் அவள்தான் பார்த்தாள். அதனால் இது சும்மா வந்த ஆசை இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ரிசல்ட் இதுதான்: மலாய் பி, அறிவியல் சி பிளஸ், தமிழ் ஏ மைனஸ், நன்னெறி பி பிளஸ், வரலாறு சி, ஆங்கிலம் ஈ, கணிதம் டி.

ஈப்போவில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குப் போய்க் கேட்டோம். 'நர்சிங் கேர்' சான்றிதழ், ஒரு வருஷம், கட்டணம் 9,600 வெள்ளி, ஹாஸ்டல் மாதம் 250. முடித்ததும் வேலை நிச்சயம், சம்பளம் 2,500 வரை வரும் என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் 500 கட்டினால் இடம் பிடித்து வைப்பார்களாம். இன்னொரு கல்லூரியில் டிப்ளோமா 3 வருஷம், 54,000. ஆனால் கணிதத்தில் கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) இல்லை என்று அங்கே சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அம்மா தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை எல்லாம் அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். அதற்கு முன் இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இந்தச் சான்றிதழுக்கு அந்தப் பணம் தகுமா?

வார்டு_மிஸ்ஸி | திங்கள், இரவு 10:55

தம்பி, அந்த 500 வெள்ளியை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். இடம் எங்கும் ஓடிப்போகாது.

நான் டிப்ளோமா முடித்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படிப்பை முடித்தால் தங்கச்சி பெயர் லெம்பாகா ஜுருராவாட் மலேசியாவில் (மலேசியத் தாதியர் வாரியம்) பதிவாகுமா? நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி பதிவு செய்து, வருஷா வருஷம் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பித்தவர்தான் நர்ஸாக வேலை செய்யலாம். டிப்ளோமா முடித்தவர்களும் லெம்பாகா பரீட்சையில் தேறினால்தான் அந்தப் பதிவு.

பழைய ஆட்கள் 'உதவித் தாதி' என்று சொல்வார்கள், பெனோலோங் ஜுருராவாட். அவர்கள் லெம்பாகா அங்கீகரித்த பயிற்சி பெற்று, பதிவும் பெற்றவர்கள். உங்களிடம் காட்டியிருப்பது அந்த வகையா, பராமரிப்பாளர் வகையா என்று பாருங்கள். ஒரு வருஷம், கணித கிரெடிட் தேவையில்லை என்றால் அநேகமாகப் பராமரிப்பாளர் படிப்புதான்.

அது கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் வார்டில் உதவியாளர்கள் இல்லாமல் ஒரு ஷிஃப்ட் ஓடாது. ஆனால் தங்கச்சி மனசில் இருக்கிற நர்ஸ் வேலைக்கு அந்த வழியாகப் போக முடியாது. நாளைக்கு டிப்ளோமா படிக்கப் போனாலும் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்கணும், கணித கிரெடிட்டையும் கேட்பார்கள்.

சம்பளம் கேட்டீர்கள். எங்கள் இடத்தில் புதிதாக வருகிற டிப்ளோமா பிள்ளைகளுக்கு அடிப்படை 2,200, 2,300. ஷிஃப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் சேர்ந்தால் 2,700, 2,800 வரும். வார்டு உதவியாளருக்கு அடிப்படை 1,800 பக்கம். அந்த 2,500 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

கணக்குப்பிள்ளை_ஈப்போ | செவ்வாய், காலை 7:20

கணக்கு வேலை செய்கிறவன், நர்சிங் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரிக் கேள்விகளில் எல்லாரும் கட்டணத்தை மட்டும் செலவு என்று பார்க்கிறார்கள். படிக்கிற காலத்தில் வராமல் போகிற சம்பளமும் செலவுதான். அதுதான் பெரிய தொகை.

குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. 5 பேருக்கும் குறைவாக வைத்திருக்கிற முதலாளிக்கு அதே வருஷம் ஆகஸ்டிலிருந்து. தங்கச்சி இன்றைக்கு எந்தக் கடையில், தொழிற்சாலையில் சேர்ந்தாலும் இது கிடைக்கும். இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), இஐஎஸ் (வேலையிழப்புக் காப்புறுதி) இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு வெள்ளி. கையில் 1,500. வருஷத்துக்கு 18,000. முதலாளி இபிஎஃபில் போடுகிற மாதம் 221 வெள்ளியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

சான்றிதழ் படிப்பு: கட்டணம் 9,600, ஹாஸ்டல் 3,000, இழக்கிற சம்பளம் 18,000. மொத்தம் 30,600.

படித்து முடித்து மிஸ்ஸி சொல்கிற மாதிரி 1,800 வாங்கினால், படிக்காமல் வாங்குகிற 1,700-ஐ விட மாதம் 100 தான் கூட. 1,900 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 200, வருஷத்துக்கு 2,400. போட்ட பணம் திரும்பி வர 12 வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த மையம் சொல்கிற 2,500 உண்மை என்றால் மாதம் 800 கூடுதல், மூன்றேகால் வருஷத்தில் திரும்பிவிடும். ஆக எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். போன வருஷம் முடித்த இரண்டு பேருடைய சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

டிப்ளோமா: 54,000 கட்டணம், 3 வருஷ ஹாஸ்டல் 9,000, இழக்கிற சம்பளம் 54,000. மொத்தம் 117,000. முடித்து 2,800 வாங்கினால் மாதம் 1,100 கூடுதல், வருஷத்துக்கு 13,200. திரும்பி வர 9 வருஷம் ஆகும். கட்டணத்தை ஓர் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டால் 63,000 தான் செலவு, 5 வருஷத்துக்குள் வந்துவிடும்.

பிடித்தம் போன பிறகு கையில் நிற்கிற வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் குறையும். சம்பள உயர்வையும் நான் சேர்க்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

தைப்பிங்_பராமரிப்பு | செவ்வாய், மதியம் 1:15

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் நான் சொல்வதையும் கேளுங்கள்.

நான் முதியோர் பராமரிப்பில் எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) வைத்திருக்கிறேன். தைப்பிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் மூத்த பராமரிப்பாளர். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் மாதச் சம்பளம் வாங்கிய பெண். அடிப்படை 1,900, தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் இல்லத்திலேயே. வாடகை, சாப்பாடு இல்லாத 1,900 என்பது வெளியே வாடகை கட்டி வாங்குகிற 2,500-க்குச் சமம். அது அந்தக் கணக்கில் வரவில்லை.

வேலை என்ன என்று தங்கச்சிக்குத் தெரியணும். பக்கவாதம் வந்தவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகிவிடும். மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்கும் முன் தலைப்பக்கத்தை உயர்த்தணும், கொடுத்து முடித்ததும் உடனே படுக்க வைக்கக்கூடாது. தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கத் தெரியாவிட்டால் முப்பது வயசில் இடுப்பு போய்விடும். இதையெல்லாம் ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தது அந்தப் படிப்புதான். யாரும் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வருவதில்லை.

மலேசியாவில் 2030-க்குள் 60 வயசைத் தாண்டியவர்கள் 15 விழுக்காடு ஆகிவிடுவார்கள். இந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நர்ஸ் என்று பட்டம் இல்லாவிட்டாலும் இது மதிக்கத்தக்க வேலை. 'அநேகமாகப் பராமரிப்பாளர் படிப்புதான்' என்று தள்ளிவிடுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வார்டு_மிஸ்ஸி | செவ்வாய், மதியம் 2:30

அக்கா, நீங்கள் செய்கிற வேலையை நான் தள்ளவே மாட்டேன். எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற நோயாளி மறுபடி புண்ணோடு திரும்பி வராமல் இருக்கிறார் என்றால் அது உங்களைப் போன்றவர்களால்தான். என் கவலை எல்லாம், நர்ஸ் ஆகலாம் என்று நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறதே என்பதுதான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் எஸ்கேஎம்முக்கு எவ்வளவு செலவானது?

தைப்பிங்_பராமரிப்பு | செவ்வாய், மாலை 6:05

என் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. பிடிபிகே கடனில் படித்தேன், சம்பளத்திலிருந்து மாதா மாதம் கட்டி முடித்துவிட்டேன். நான் சொல்ல வந்ததும் அதுதான். சான்றிதழ் படிக்கலாம், ஆனால் 9,600-ஐ ரொக்கமாகக் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை.

திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கிற அரசாங்க நிறுவனம் பிடிபிகே. ஆனால் அந்த மையமும் அந்தப் படிப்பும் ஜேபிகே (அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் பெற்றிருந்தால்தான் கடன். தம்பி அந்த மையத்தில் எஸ்கேஎம் எத்தனையாவது நிலை, மையத்தின் அங்கீகார எண் என்ன என்று கேட்டாரா?

இன்னொரு வழியும் இருக்கிறது. எங்கள் இல்லத்தில் இரண்டு பெண்கள் சான்றிதழ் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தார்கள். சில வருஷம் அனுபவம் ஆனதும், செய்கிற வேலையை ஆதாரத்தோடு தொகுத்துக் காட்டி, வகுப்புக்கே போகாமல் எஸ்கேஎம் வாங்கினார்கள். பிபிடி என்பார்கள், முன் அனுபவத்தை அங்கீகரிக்கிற முறை. எஸ்எல்டிஎன் என்று இன்னொன்று: பெரும்பகுதி வேலை இடத்திலேயே, கொஞ்சம் பயிற்சி நிலையத்தில். இரண்டிலும் ஒரு வருஷச் சம்பளத்தை முழுசாக இழக்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை_ஈப்போ | செவ்வாய், இரவு 8:45

அப்படியென்றால் கணக்கே வேறு. சம்பளமும் போகாது, 9,600-உம் போகாது. தங்குமிடம், சாப்பாடு பற்றி அக்கா சொன்னதும் சரி, அதை நான் சேர்த்திருக்கணும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குறைந்தபட்ச சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900. 2022-இல் 1,500. இப்போது 1,700. அடித்தளம் ஏறிக்கொண்டே வருகிறது. சின்னச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் ஒன்றும் இல்லாதவருக்கும் இருந்த இடைவெளி அதே வேகத்தில் ஏறவில்லை. 900 காலத்தில் 1,200 வாங்கியவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கினார். இன்றைக்கு 1,700-க்கு மேல் 200 என்பது எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் குறுகிய படிப்புக்குக் கைக்காசு போடுவது வருஷா வருஷம் நஷ்டத்தை நோக்கிப் போகிறது.

பழைய_தோட்டத்துக்காரர் | செவ்வாய், இரவு 11:10

எல்லாரும் டிப்ளோமா டிப்ளோமா என்று சொல்கிறீர்கள். 2010 வாக்கில் என்ன நடந்தது என்று இளம்பிள்ளைகளுக்குத் தெரியாது. மூலைக்கு மூலை தனியார் தாதியர் கல்லூரி. தோட்டத்துப் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துப் போனார்கள். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் ஐம்பது, அறுபது ஆயிரம். முடித்து வந்தால் வேலை இல்லை. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி டிப்ளோமா வைத்துக்கொண்டு பேரங்காடியில் காசாளராக நின்றாள், கடன் கடிதம் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அவள் அப்பா கடைசி வரைக்கும் அந்தக் கவலையோடுதான் போனார்.

தரம் குறைந்துவிட்டது என்ற புகார் வந்துதான் 2010-இல் நுழைவுத் தகுதியை 3 கிரெடிட்டிலிருந்து 5 கிரெடிட்டாக ஏற்றினார்கள். தம்பி, 54,000 கடனை 19 வயசுப் பிள்ளை தலையில் ஏற்றும் முன் நூறு தடவை யோசியுங்கள்.

வார்டு_மிஸ்ஸி | புதன், காலை 6:15

ஐயா சொன்னது நடந்ததுதான். என் செட்டிலேயே அப்படி ஆனவர்கள் உண்டு. ஆனால் இப்போது நிலைமை வேறு. சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறவர்கள் போக, இங்கே வார்டுக்கு ஆள் போதவில்லை. தனியார் ஆஸ்பத்திரிகள் எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, கட்டணத்தைத் தாங்களே கட்டி, மாதம் கைச்செலவுக்கும் கொடுத்துப் படிக்க வைக்கின்றன. முடித்ததும் அங்கே சில வருஷம் வேலை செய்யணும் என்று ஒப்பந்தம்.

ஐயாவுடைய எச்சரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு: சொந்தக் கடனில் 54,000-க்குப் படிக்க வேண்டாம். ஆதரவு கிடைத்தால் மட்டும் போகட்டும்.

உலு_கிந்தா_அப்பா | புதன், மதியம் 12:40

என் மகள் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரியில் தாதியர் டிப்ளோமா படிக்கிறாள். கல்லூரிக் கட்டணம் என்று எங்கள் கையிலிருந்து போகவில்லை, மாதம் அலவன்ஸ் வருகிறது. படித்து முடித்ததும் அரசாங்கத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தனியாருக்குப் போகும் முன் எல்லாரும் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் ஆட்கள் 'நமக்கெல்லாம் கிடைக்காது' என்று சொல்லி விண்ணப்பமே போடுவதில்லை. என் மகளோடு படித்தவர்கள் பலர் போடவில்லை. அவர்களிலே இவளைவிட நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போட்டி அதிகம், நேர்காணல் உண்டு. அரசாங்க வேலையிலும் இப்போது ஒப்பந்தத்தில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் விண்ணப்பம் போடாத பிள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது. அங்கேயும் கணித கிரெடிட் வேண்டும்.

சிப்புட்_அண்ணன் | புதன், இரவு 9:05

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றைக்கு அந்த மையத்துக்குப் போன் செய்தேன். ஜேபிகே அங்கீகார எண் கேட்டதற்கு 'விண்ணப்பத்தில் இருக்கிறது' என்றார்கள். எஸ்கேஎம் எத்தனையாவது நிலை என்றால் 'எங்களுடைய சொந்தச் சான்றிதழ், ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொள்ளும்' என்றார்கள். லெம்பாகா பதிவு பற்றிக் கேட்டதும் அந்தப் பெண் வேறு ஆளிடம் போனைக் கொடுத்தார், அவர் 'நேரில் வாருங்கள், விளக்குகிறோம்' என்றார். 2,500 பற்றி எழுத்தில் தர மறுத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன், நகையை மறுபடி பீரோவில் வைத்துவிட்டார்.

இப்போது கேள்வி வேறு. கணிதத்தை மட்டும் மறுபடி எழுத வைக்கலாமா? தங்கச்சி பயப்படுகிறாள். 'ஒரு வருஷம் போய்விடும், மறுபடி டி வந்தால்?' என்று அழுகிறாள். அப்பாவோ, 'வேலைக்குப் போன பிள்ளை திரும்பப் படிக்கப் போனதை நான் பார்த்ததே இல்லை' என்கிறார்.

டயாலிசிஸ்_அக்கா | புதன், இரவு 10:20

அப்பா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. சம்பளம் கையில் வந்துவிட்டால் வீட்டில் அதற்கு ஒரு செலவு தயாராக இருக்கும். தம்பி பள்ளிக் கட்டணம், மோட்டார் தவணை, தண்ணீர் பில். அந்தச் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது என்ற நிலை வந்துவிட்டால் பிறகு பிள்ளையை யாரும் படிக்க அனுப்ப மாட்டார்கள். அதனால் தங்கச்சி வேலைக்குப் போனால் அவள் சம்பளத்தை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். அண்ணனாக நீங்கள் பொறுப்பெடுத்து அதைத் தனியாக வையுங்கள்.

என் வேலையைச் சொல்கிறேன். நான் டயாலிசிஸ் சென்டரில் உதவியாளர். நோயாளி வந்ததும் எடை பார்ப்பேன், இரத்த அழுத்தம் எடுப்பேன், நாற்காலி தயார் செய்வேன், மெஷினைத் துடைப்பேன். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அவர்கள் அந்த நாற்காலியில். இந்த வட்டாரத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத வீடு குறைவு, எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேரை எனக்கு ஏற்கனவே தெரியும். கையில் ஊசி ஏற்றுவது பதிவு பெற்ற நர்ஸ் அல்லது மருத்துவ உதவியாளர். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம், ஆனால் நான் ஊசியைத் தொடக்கூடாது. அது சரியான விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே அறையில் அதே நேரம் நிற்கிற அந்த நர்ஸுக்கும் எனக்கும் சம்பளத்தில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம். அவர் சிறுநீரகப் பிரிவில் போஸ் பேசிக் (டிப்ளோமாவுக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) முடித்தால் இன்னும் ஏறும். எனக்கு ஏறுவதற்குப் படியே இல்லை.

தங்கச்சியை என் இடத்தில் நிறுத்தாதீர்கள். கணிதத்தை எழுத வையுங்கள்.

கணக்கு_டீச்சர் | வியாழன், காலை 7:50

இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். டி என்பது தோல்வி இல்லை, தேர்ச்சிதான். கிரெடிட்டுக்கு சி வேண்டும், அதற்கு நேர் கீழே இருக்கிறது டி. தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம். மற்ற பாடங்களின் தொல்லை இல்லாமல் ஒன்றை மட்டும் படிக்கிற பிள்ளை டியிலிருந்து சி-க்கு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாம் தாளில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. பிள்ளைகள் விடை தெரியவில்லை என்று வெற்றாக விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கிரெடிட் போகிறது. தங்கச்சியைப் பழைய வினாத்தாள்களை எடுத்து, கணம், நேர்கோட்டுச் சமன்பாடு, புள்ளியியல், நிகழ்தகவு இந்த நான்கையும் முதலில் முடிக்கச் சொல்லுங்கள். பதிவுத் தேதியைத் தவறவிடாதீர்கள். அதற்கு ஆகிற செலவு 9,600-க்குப் பக்கத்தில்கூட வராது.

ஆங்கிலம் ஈ என்பதும் தேர்ச்சிதான், டிப்ளோமாவுக்குத் தடை இல்லை. ஆனால் மருந்துச் சீட்டு, நோயாளி அறிக்கை எல்லாம் ஆங்கிலம். இந்த ஒரு வருஷத்தில் அதையும் கவனிக்கட்டும்.

ஜொகூர்_நர்ஸ் | வியாழன், இரவு 8:30

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன், வீடு ஜொகூர் பாருவில். சான்றிதழ் எடுத்துவிட்டு சிங்கப்பூர் போய்விடலாம் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். அங்கே நர்ஸ் என்றால் அந்த நாட்டுத் தாதியர் வாரியப் பதிவு வேண்டும், பராமரிப்புச் சான்றிதழுக்கு அது கிடையாது. உதவியாளர் வேலை உண்டு. ஆனால் நர்ஸ் சம்பளத்தைச் சொல்லி உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தைப்பிங்_பராமரிப்பு | வியாழன், இரவு 9:50

தங்கச்சி பரீட்சை எழுதும் வரைக்கும் சும்மா வீட்டில் இருக்க வேண்டாம். சுங்கை சிப்புட்டிலோ குவாலா கங்சாரிலோ ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேரட்டும். குறைந்தபட்ச சம்பளம் கண்டிப்பாகக் கேட்கணும், இபிஎஃப், சொக்சோ பதிந்திருக்கணும். வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம். 1,700 சம்பளத்துக்கு ஒரு மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு 12.26 வெள்ளி. 'தங்குமிடம் தருகிறோம், அதனால் ஓவர்டைம் இல்லை' என்று சொல்கிற இடம் இருக்கிறது. அது சட்டம் இல்லை.

இரவு ஷிஃப்ட் மட்டும் எடுக்க வேண்டாம், படிக்க முடியாது. இந்த வேலை தனக்கு ஒத்து வருமா என்று மூன்று வருஷ டிப்ளோமாவுக்குக் கையெழுத்துப் போடும் முன் அவளுக்கே தெரிந்துவிடும். நேர்காணலில் சொல்வதற்கும் உண்மையான அனுபவம் இருக்கும். கணிதம் மறுபடி டி வந்தாலும் இந்த அனுபவத்தை வைத்து பிபிடி வழியாக எஸ்கேஎம் எடுக்கலாம். அந்த வருஷம் வீணாகாது என்று அவளிடம் சொல்லுங்கள்.

உலு_கிந்தா_அப்பா | வியாழன், இரவு 10:15

தைப்பிங் அம்மா சொன்னது மாதிரியே செய்யுங்கள் தம்பி. உங்கள் அப்பாவிடம் நான் பேசட்டுமா? தனிச் செய்தியில் எண்ணை அனுப்புங்கள். பெண் பிள்ளையை மூன்று வருஷம் வெளியே விடுவதில் ஒரு தகப்பனுக்கு இருக்கிற பயம் இன்னொரு தகப்பனுக்குத்தான் தெரியும்.

சிப்புட்_அண்ணன் | வெள்ளி, இரவு 9:30

அனுப்பியிருக்கிறேன் ஐயா. டீச்சர் எழுதியதைத் தங்கச்சியிடம் காட்டினேன். டி என்றால் தேர்ச்சி என்று யாருமே தனக்குச் சொல்லவில்லை என்றாள். பழைய வினாத்தாள் எடுத்து உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று மிஸ்ஸியிடம் கேட்கணும். கணிதம் கிடைத்து, தனியார் ஆஸ்பத்திரி ஆதரவில் இடம் கிடைத்தால், அந்த ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்கணும்? எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை.

வார்டு_மிஸ்ஸி | சனி, மதியம் 3:20

நல்ல கேள்வி. கையெழுத்துப் போடும் நாளில் அவசரப்படுத்துவார்கள். நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

முதலில் எத்தனை வருஷம், எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். வேலையில் சேர்ந்த நாளா, லெம்பாகா பதிவு கிடைத்த நாளா? இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும்.

அடுத்து, நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை. வேலை செய்த வருஷத்துக்கு ஏற்பக் குறையுமா, கடைசி மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையா? சில ஒப்பந்தத்தில் கட்டணத்தைவிடக் கூடுதலான தொகை எழுதியிருக்கும். அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. ஜாமீன் கையெழுத்து யார் போடுகிறார் என்பதும் முக்கியம். அப்பா போட்டால் அந்தத் தொகை அப்பா தலையில்.

லெம்பாகா பரீட்சையில் முதல் தடவை தேறாவிட்டால் என்ன? மறுபடி எழுத நேரம் தருவார்களா, அதுவரை என்ன வேலை, என்ன சம்பளம்? ஒரு செமஸ்டர் தவறினால் கூடுதல் கட்டணம் யார் கட்டுவது? பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

படிப்பு முடிந்ததும் எந்த ஊர்க் கிளைக்கும் அனுப்பலாம் என்று ஒரு வரி இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய்வருவது வேறு, கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்குவது வேறு. ஷிஃப்ட் காலை 7, மதியம் 2, இரவு 9 என்று மாறும். இரவு 9 மணிக்கு முடிகிற ஷிஃப்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. ஹாஸ்டல் எத்தனை மாதத்துக்கு, வாடகை பிடிப்பார்களா என்று எழுதி வாங்குங்கள்.

கல்லூரியின் படிப்பு எம்கியூஏ (மலேசியத் தகுதி நிறுவனம்) பதிவிலும், லெம்பாகா அங்கீகரித்த பட்டியலிலும் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள், அவர்கள் காட்டுகிற காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பெயர், ஐசி எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். நான் வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.